கிட்டாரின் அடியில் வைத்த ரப்பர்

எங்கள் வீட்டு உணவு மேசையின் மேல் பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன்மேல் விலை குறைந்த ஓர் எலக்ட்ரிக் கிட்டாரைக் கிடத்தி, அதன் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பா மூடிக்குள் போட்டுக்கொண்டிருந்த அந்த மாலைகளை எண்ணும்போது, எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இசையன்று; இடுப்புவலிதான். குனிந்து செய்யும் வேலைக்கென்று ஒரு வயது உண்டு. அந்த வயதைத் தொழிற்சாலையில் செலவழித்துவிட்டு, மிச்சமாக வந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் இதில் இறங்கினேன். இறங்கியதற்குக் காரணம் என் மனைவியின் குரல்.

நாங்கள் ஓசூரில், பாகலூர் சாலையிலிருந்து உட்புறமாக விலகும் தெருவொன்றில் குடியிருக்கிறோம். வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அவள் வாய்ப்பாடு சொல்லித்தந்தால் அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும் என்று அந்தப் பள்ளியில் ஒரு பேச்சு இருந்தது. அந்தக் குரலால், எங்கள் ஆலயத்தில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையன்று அவள் தனியாக ஒரு பழைய கீர்த்தனையைப் பாடிவந்தாள்; நான் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்துவந்தேன். யாரும் தீர்மானம் போட்டு ஏற்படுத்திய வழக்கமன்று இது. அன்றைய தினம் சபையார் தங்கள் விளைச்சலைப் பீடத்தின் முன் கொண்டுவந்து அடுக்குவார்கள். கேழ்வரகு மூட்டை, தக்காளிக் கூடை, பசுமைக்குடில் ரோஜாக் கட்டு, பரங்கிக்காய் என அவரவரிடம் இருப்பது வரும். அடுக்கி முடியும்வரை யாராவது பாட வேண்டியிருந்தது. அவள் பாடினாள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

தைராய்டுக் கட்டிக்காகக் கழுத்தில் அறுவை செய்த பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. பேசலாம், பாடலாம், ஒன்றுக்கும் தடையில்லை என்றுதான் மருத்துவர் சொன்னார். தடை சொல்லப்படவில்லை என்பது மெய்தான். ஆயினும் மேலே ஏற வேண்டிய இடங்களுக்குக் குரல் ஏறவில்லை. ஒரு வரியின் நடுவிலேயே மூச்சு தீர்ந்துவிடும். தீர்ந்த மூச்சு திரும்பி வரச் சற்று நேரம் பிடிக்கும். வீட்டில் சமைத்துக்கொண்டே பாடுகையில் அந்த இடைவெளியைக் குக்கரின் சத்தமோ குழாயின் சத்தமோ மூடிவிடும். ஆலயத்தில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை.

பாடகர் குழுவை நடத்துபவர் ஓர் இளைஞர். மென்பொருள் வேலைக்காக நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய்வருபவர்; கீபோர்டு திறம்பட வாசிப்பவர்; பெரியவர்களிடம் பணிவுள்ளவர். பண்டிகைக்குச் சில வாரங்கள் இருக்கையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த காரியத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது என்பதை, பிஸ்கட்டை அவர் மிகச் சிறிய துண்டுகளாக உடைத்ததிலிருந்தே அறிந்துகொண்டேன்.

“ஆன்ட்டி, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க. கொயர்ல எல்லாரும் சேர்ந்து பாடிடறோம். நீங்க முன்னாடி சீட்ல உக்காந்து கேளுங்க.”

“ஏம்ப்பா, டாக்டரே என்னை ரெஸ்ட் எடுக்கச் சொல்லல. நீ சொல்ற?”

“ஐயோ, அதுக்கில்ல ஆன்ட்டி. ஸ்கேல எறக்கித் தர்றது ஒரு பட்டன்தான், நான் எறக்கித் தர்றேன். ஆனா கீபோர்டுல ரிதம் ஓடிக்கிட்டே இருக்கும் இல்லையா…”

“நான் மூச்சு வாங்கினா அது நிக்காது. அதானே?”

அவர் காபியைக் குடித்து முடித்தார். அவர் போன பின், என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“நிறுத்தறதுன்னா நான்தான் நிறுத்தணும். இன்னொருத்தர் வந்து உக்காருன்னு சொல்லி நிறுத்தக் கூடாது. மிஷினு நிக்காட்டிப் போவுது, நீங்க நிப்பீங்க இல்ல? நீங்க வாசிங்க, நான் பாடுறேன்.”

நிற்பேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

நான் இத்தனை காலம் வாசித்துவந்தது மரக் கிட்டார். அதன் கம்பிகள் கனமானவை. கழுத்துப் பலகையிலிருந்து உயர்ந்து நிற்பவை. ஓசூரின் குளிர் நிறைந்த காலைகளில் என் விரல் மூட்டுகள் வீங்கிக்கொள்கின்றன. வீங்கிய விரலால் அந்தக் கம்பியை அழுத்தினால் பாட்டு முடிவதற்குள் கை மரத்துப்போகிறது. மெல்லிய கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் கிட்டாராக இருந்தால் தொட்டாலே போதும் என்று கேள்விப்பட்டு, பேருந்து நிலையத்தின் அருகிலிருக்கும் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குக் கன்னடம் தாய்மொழி. தமிழும் தெலுங்கும் வருகிற வாடிக்கையாளரைப் பொறுத்து வரும்.

“யாருக்கு சார், பேரனுக்கா?”

“எனக்குத்தான்.”

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழுமாகப் பார்த்தார். பின்பு இருப்பவற்றில் விலை குறைந்ததைக் கீழே இறக்கினார்.

“இது கத்துக்கறவங்களுக்கு ஓகே சார். சவுண்ட் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.”

‘கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்’ என்னும் அந்தக் கன்னடச் சொற்றொடரை இந்த எல்லைப்பகுதியில் கேட்காத நாளில்லை. பேருந்தில் இடம் கேட்பவரும் அதைத்தான் சொல்வார். நாற்சந்தியில் இடிப்பவரும் அதைத்தான் சொல்வார். அது வெறும் பேச்சென்று எண்ணி வாங்கி வந்தேன்.

ஆலயத்தில் முதல் ஒத்திகையிலேயே அந்தக் கருவியின் குணம் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் வயரைச் செருகிய உடனே, வாசிக்கும் முன்னரே, பெரிய உறுமல் ஒன்று எழுந்து சுவர்களில் மோதியது. கம்பியை மீட்டினால் ஏதோ தகரம் அதிர்வதுபோல ஒரு கிடுகிடுப்பும் சேர்ந்துகொண்டது. என் மனைவி முதல் வரியைப் பாடினாள். இரண்டாம் வரியில் அவள் குரலை அந்த உறுமல் விழுங்கிற்று. அவள் பாடுவதை நிறுத்தி, முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இளைஞர் ஓடிவந்து ஒலியைக் குறைத்தார்; குறைத்தபோது கிட்டாரும் கூடவே மறைந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி, அவர் முன்பு அவளை உட்காரச் சொன்ன அதே முன்வரிசை நாற்காலி என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: “கிரைண்டர் ஓடுற வீட்டுல நின்னு பாடுற மாதிரி இருந்துச்சுங்க.”

வேறு கிட்டார் வாங்கலாமே என்று எவரும் கேட்கக்கூடும். ஓர் இயந்திரம் கெட்டால் வேறு வாங்குவது எங்கள் பிரிவின் வழக்கமன்று. கழற்றிப் பார்ப்பதே வழக்கம். ஆகவே போர்வையை விரித்தேன்.

இரண்டு இடையூறுகளை இங்கே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் இரவுப் பணிக்குப் போகும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். பகலெல்லாம் அவர்கள் உறங்குவார்கள், நடுச்சுவர் மெல்லியது. அவர்கள் எழுந்து, குளித்து, கம்பெனிப் பேருந்தைப் பிடிக்கப் போன பிறகே நான் வீட்டிலிருந்த சிறு ஒலிபெருக்கியைப் போட முடியும். அடுத்தது என் செவி. நெடுங்காலம் தகடுகளை அச்சில் அழுத்தும் இயந்திரங்களின் அருகில் நின்றதால், கூர்மையான ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை. மழைக்காலத்துச் சில்வண்டு என் வரையில் இல்லாமலே போய்விட்டது. ஆகையால் கருவியைத் திறந்து மூடுவது நானாகவும், ஒலி எப்படி என்று சொல்வது அவளாகவும் எங்கள் வேலை பிரிந்தது.

முதலில் உறுமலை எடுத்துக்கொண்டேன். கிட்டாரின் முகத்தில் கம்பிகளுக்கு அடியில், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பி சுற்றிய துண்டுகள் உள்ளன, பிக்கப் என்பார்கள். கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றித் தருவது அதுவே. ஆனால் அந்தச் சுருளுக்கு நல்லது கெட்டது தெரியாது. குழல்விளக்கு, மின்விசிறி, சுவருக்குள் ஓடும் ஒயர் என அக்கம்பக்கத்திலுள்ள எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். தொழிற்சாலையில் இத்தகைய நுண்ணிய ஒயர்களை உலோகக் குழாய்க்குள் விட்டு, அந்தக் குழாயை எர்த்தோடு சேர்த்துவிடுவோம். அதே முறையை இங்கும் செய்யலாம் என்று, பிக்கப் அமர்ந்திருக்கும் பள்ளம் முழுவதும் அலுமினியத் தாளை ஒட்டி, அதன் ஒரு முனையை எர்த் ஒயரோடு ஒரு திருகாணியின் கீழே அழுத்தி வைத்தேன்.

“சப்பாத்தி சுத்த வாங்கி வச்சத எல்லாம் அதுக்குச் சுத்துறீங்களா? சரி, போடுங்க, கேக்கலாம்.”

போட்டேன். அவள் கதவருகில் நின்று கேட்டாள்.

“கிரைண்டர் போயி ஃபேன் ஆயிருக்குது.”

அது போதும் என்று அன்றைக்குப் படுத்துக்கொண்டேன். மிஞ்சியது கிடுகிடுப்பு. நான் தவறிழைத்தது அதில்தான்; தனியாகவும் இழைக்கவில்லை.

என்னோடு பராமரிப்புப் பிரிவில் வேலை செய்த நண்பர் ஒருவர், ஓய்வுக்குப் பின் தேன்கனிக்கோட்டைப் பக்கம் தம் சொந்த நிலத்தில் கேழ்வரகு பயிரிட்டு வருகிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஓசூருக்கு ஏதோ வாங்க வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். பிரிந்து கிடந்த கிட்டாரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அவர் கை, அவர் அறியாமலே திருகாணி திருப்பும் அலன் கீயை எடுத்துக்கொண்டது.

“ஏமய்யா, இது என்னா கம்ப்ளெயின்ட்டு?”

“வைப்ரேஷன்.”

“அட, இதுக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? என் காட்டுக்கு வர்ற யானையத் தகரம் தட்டித் தொரத்துறேன் நான். இந்தக் கட்டைய அடக்க முடியாதா?”

“யானை போவுதா?”

“அது எங்க போவுது. தின்னு முடிச்சுட்டுதான் போவுது. நீ அந்த சைக்கிள் டியூப எடு.”

எங்கள் இருவருக்கும் ஆயுள் முழுவதும் கற்பிக்கப்பட்டது ஒன்றே: ஆடுகிற இயந்திரம் உடையப்போகிற இயந்திரம். கையை வைத்துப் பார்ப்போம், அதிர்ந்தால் அடியில் ரப்பர் பேக்கிங் கொடுப்போம், திருகாணிகளை இறுக்குவோம், மறுபடியும் கையை வைத்து, அசைவற்று நின்றால் கையொப்பமிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவோம். அதிர்வு என்பது எங்களுக்குப் பகை. அந்தப் பகையுணர்வோடுதான் அன்று மேசையின் இருபுறமும் உட்கார்ந்தோம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, கம்பிகள் வந்து அமரும் இரும்புத் தகடாகிய பிரிட்ஜுக்கு அடியில் ஒரு பேக்கிங் கொடுத்தோம். கழுத்துப் பலகை உடலோடு சேரும் பொருத்தில் இன்னொன்று. பிரிட்ஜின் ஓரத்தில் கம்பிகளுக்குக் கீழே பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு கீற்று. ஒவ்வொரு திருகாணிக்கும் கழலாதிருக்கப் பசை. நண்பர் அறுவை செய்யும் மருத்துவர்போல் கை நீட்ட, நான் அவர் கையில் வாஷர்களை வைத்தேன். நெடுநாள் கழித்து இருவரும் ஷிப்டில் இருப்பதுபோல் இருந்தது. களைப்பு தெரியவில்லை.

பூட்டி முடித்து ஒரு கம்பியைத் தட்டினோம். கிடுகிடுப்பு அறவே இல்லை.

“பாத்தியா,” என்றார் நண்பர், கிட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்து. “கொழந்த மாதிரி தூங்குது.”

நாங்கள் தேநீர் குடித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பணிக்குப் புறப்படும் ஓசை கேட்டபின் ஒலிபெருக்கியைப் போட்டேன். உறுமல் மறுபடியும் எழுந்தது, முன்பைக் காட்டிலும் சற்று அதிகமாகவே. அதை அப்போதைக்குப் பொருட்படுத்தாமல் மனைவியைப் பாடச் சொன்னேன். அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, முதல் வரியைப் பாடி, நடுவில் மூச்சுக்காக நின்றாள். நின்ற இடத்தில் உறுமலைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் மீட்டிய ஒலி, பலகையில் விரலால் தட்டினாற்போல் எப்போதோ முடிந்திருந்தது. அவள் மறுபடியும் தொடங்கினாள், மறுபடியும் அதேபோல். மூன்றாம் முறை அவள் தொடங்கவில்லை.

“ஏண்ணா,” என்று நண்பரைப் பார்த்துக் கேட்டாள், “நீங்க ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனது பத்தாதுன்னு அதையும் ரிட்டயர் பண்ணிட்டீங்களா?”

நண்பர் சிரித்தார். “இல்ல தங்கச்சி, இப்ப ஆட்டமே இல்ல பாரு.”

“ஆட்டம் இல்லாட்டி பாட்டும் இல்லண்ணா.” பிறகு என் பக்கம் திரும்பினாள். இம்முறை அவள் குரலில் கேலி இல்லை. “நான் மூச்சு வாங்குற வரைக்கும் அந்தச் சத்தம் போவாம நிக்கணுங்க. அதைப் புடிச்சிக்கிட்டுதான் நான் அடுத்த வரிக்கு வரணும். இது எனக்கு முன்னாடியே போயிடுது.”

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். நண்பர் தம் பையை எடுத்துக்கொண்டு, கடைசிப் பேருந்து போய்விடும் என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது தாழ்ந்த குரலில், “என்னாய்யா, தப்பு பண்ணிட்டமா?” என்றார். ஆமென்று தலையசைத்தேன். அடுத்த வாரம் பண்டிகைக்குக் கேழ்வரகு மூட்டையோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றும் மறுநாளும் நான் அந்தக் கிட்டாரைத் தொடவில்லை. சினமென்று சொல்ல முடியாது, சோர்வுதான். செய்ததைப் பிரித்து முதலிலிருந்து செய்வது இளமையில் அரைநாள் வேலை. இப்போது அதை நினைப்பதே ஒரு வேலை. இதனிடையே பாடகர் குழுத் தலைவர் கைப்பேசியில் கேட்டிருந்தார்: நிகழ்ச்சி வரிசை அச்சுக்குப் போகிறது, ஆன்ட்டி பாடுகிறார்களா, இல்லையா? அந்தக் கேள்வியை மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, கைப்பேசியை என்னிடமே திருப்பித் தந்தாள்.

“உங்களைத்தான் கேட்டிருக்கான். கிட்டாரு நிக்குமான்னு நீங்கதான சொல்லணும்.”

பாடுகிறாள் என்று பதில் எழுதினேன். எழுதிய பிறகு வேறு வழியில்லாமல் போர்வையை விரித்தேன்.

ரப்பர்களை எல்லாம் எடுத்தேன். பசையைச் சுரண்டினேன், அதுவே இரண்டு மாலைகளைத் தின்றது. பிரிட்ஜைத் தூக்கியபோது உறுமல் திரும்பி வந்த காரணம் கண்ணில் பட்டது. கம்பிகளை எர்த்தோடு சேர்க்கும் ஒயர் ஒன்று, பிரிட்ஜின் அடியில் வெறுமனே அழுந்திக்கிடக்கும். நாங்கள் கொடுத்த பேக்கிங் அதைப் பிரிட்ஜைத் தொடவிடாமல் பிரித்திருந்தது. ஆட்டத்தை அடக்கப்போய், உறுமலை அடக்கிக்கொண்டிருந்ததையும் சேர்த்து அறுத்திருந்தோம். ஒயரைச் சுத்தம் செய்து, இரும்பு நேரே மரத்தில் அமரும்படி பிரிட்ஜை இறுக்கினேன். கழுத்துப் பொருத்தையும் அவ்வாறே மரத்தோடு மரமாகச் சேர்த்தேன். இரும்பும் மரமும் ஒன்றையொன்று தொட்டு நின்றால்தான் கம்பியின் நடுக்கம் உடல் முழுவதும் பரவி நீடிக்கும் என்பதை, அது நீடிக்காமல் செய்த பிறகு அறிந்துகொண்டேன்.

பின்பு புதிய கம்பிகளை மாட்டி, அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒவ்வொரு கம்பியும் வெறுமனே மீட்டும்போதும் நடுவில் அழுத்தி மீட்டும்போதும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். பிரிட்ஜிலுள்ள சிறு திருகாணியைத் திருப்பிக் கம்பியின் நீளத்தை ஒரு மயிரளவு கூட்டியும் குறைத்தும் அதைச் சரிசெய்ய வேண்டும். அவள் கண்களை மூடிக்கொண்டு, “இந்தாண்ட… இன்னும் கொஞ்சம் இந்தாண்ட… ஐயோ போயிடுச்சு, அந்தாண்ட வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாகலூர் சாலையில் லாரியைப் பின்னால் எடுக்கவைக்கும் கிளீனரைப்போல் இருந்தது. எனக்குக் கேட்காத கூர்மை அவள் காதைக் குத்தியது. ஆகவே டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்தோம். பிக்கப்பின் காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்து அதைப் பிடித்து இழுப்பதை உணர்ந்து, அதைச் சிறிது கீழே இறக்கினேன். ஒலியின் அளவு குறைந்தது; ஆனால் அது நிற்கும் நேரம் கூடியது. அவள் கண்களைத் திறந்தாள்.

கடைசியில் வந்தது கிடுகிடுப்பு. அது வேறொன்றுமில்லை, கம்பிகள் மிகவும் தாழ்ந்திருந்து, கழுத்துப் பலகையில் பதிந்த உலோகப் பட்டைகளில் உரசியதால் வந்தது. கம்பியை உயர்த்தினால் போய்விடும். ஆனால் உயர்த்திய கம்பியை என் விரல்கள் கூடுதலாக அழுத்த வேண்டும். விரலுக்காகத்தானே இந்தக் கருவியையே வாங்கினேன். மேசை முன் நெடுநேரம் அலன் கீயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு நேரம் ஒலி நிற்கும்; அவ்வளவு என் மூட்டு வலிக்கும். அந்தக் கணக்குக்கு வேறு விடை இல்லை. உயர்த்தினேன். அவளிடம் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் காலையில் என் காபி டம்ளர் பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணமும் ஒரு துண்டும் இருந்தன.

அப்படியும் கனத்த கம்பியில் ஒரு சிறு கரகரப்பு எஞ்சியது. அதையும் போக்க மறுபடி திருகாணியைத் தேடினேன்.

“விடுங்க அதை,” என்றாள்.

“கரகரன்னு கேக்குதே.”

“என் தொண்டையில இல்லாத கரகரப்பா? விடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்துட்டுப் போவட்டும்.”

அறுப்பின் பண்டிகையன்று மழை தூறிக்கொண்டிருந்தது. நண்பர் சொன்னபடியே யானை விட்டுவைத்த கேழ்வரகில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து, ஆலயத்துக்குரியவரல்லாதபோதும் பீடத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்தார். ஒலிபெருக்கியில் வயரைச் செருகினேன். உறுமல் அற்றுப்போகவில்லை, கூரை மின்விசிறிகளின் ஓசைக்குள் அடங்கும் அளவுக்குத் தணிந்திருந்தது. மக்கள் கூடைகளோடு வரிசையில் வரத் தொடங்கினர். அவள் பாடினாள்.

முதலிரண்டு சரணங்களும் எப்படியோ கடந்தன. வரியின் நடுவில் அவள் நிற்பாள்; நான் மீட்டிய ஒலி அறாமல் நிற்கும்; அவள் அதைத் தொட்டுக்கொண்டு அடுத்த சொல்லுக்கு வருவாள். மூன்றாம் சரணத்தில், அடுக்க வேண்டிய கூடைகள் எல்லாம் முடிந்திருந்த நேரத்தில், அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே நின்றாள். மூச்சு வரவில்லை. ஒரு கையைத் தொண்டையருகே வைத்துக்கொண்டாள். நான் கம்பியை அழுத்திய விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். எடுத்தால் ஒலி அறுந்துவிடும். முழங்கைவரை வலி ஏறியது. இன்னொரு முறை மீட்டலாமா என்று தோன்றிற்று. மீட்டினால் அவளை அவசரப்படுத்தியதாகும். கீபோர்டின் அந்த இயந்திரத் தாளம் செய்வதையே நானும் செய்ததாகும். ஆகவே மீட்டவில்லை. ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போனது. கீபோர்டின் பின்னால் இளைஞர் கைகளைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்திருந்தார். என் செவிக்கு அந்த ஒலி முற்றிலும் மறைந்துவிட்டது. அவளுக்கு மறையவில்லை போலும். அவள் வந்து சேர்ந்தாள், தாழ்ந்த சுருதியில், கரகரப்போடு. மீதிச் சரணத்தை நிறுத்தாமல் பாடி முடித்தாள். போதகர் ஆமென் சொன்னார்; சபை ஆமென் சொன்னது.

ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருள்களை முற்றத்தில் ஏலம் விடத் தொடங்கினார்கள். பாடகர் குழுத் தலைவர் குடையோடு எங்களிடம் வந்தார்.

“ஆன்ட்டி, அந்த மூணாவது சரணத்துல… எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆயிடுச்சு. அங்கிள், சவுண்டும் செம. அடுத்த வருஷமும் இப்படியே…”

“அடுத்த வருஷம் நீங்க பாடுங்கப்பா,” என்றாள் அவள். “எனக்குப் போதும். முடிச்சுட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அவள் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, வீறாப்பும் இல்லை. பள்ளிக்கூட மணி அடித்ததும் கரும்பலகையைத் துடைப்பவள்போல் சொன்னாள். உடனே ஏலக் கூட்டத்துக்குள் புகுந்து, என் நண்பரோடு போட்டி போட்டு ஒரு பெரிய பரங்கிக்காயை எடுத்தாள். விட்டுக்கொடுத்துவிட்டு, “உன் சம்சாரத்துகிட்ட ஜெயிக்க முடியாதுய்யா” என்று அவர் என்னிடம் வந்து நின்றார்.

ஷேர் ஆட்டோவில் கிட்டாரை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பரங்கிக்காயை அவள் வைத்துக்கொண்டாள். மேம்பாலத்தின் கீழ் லாரிகளுக்கிடையே நெடுநேரம் நின்றோம். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துச் சற்று உறங்கினாள். என் விரல்கள் மடங்க மறுத்தன. நானும் உறங்கியிருப்பேன், கிட்டார் நழுவிவிடும் என்பதால் விழித்திருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மேசையிலிருந்த போர்வையை, திருகாணிகள் கிடந்த டப்பா மூடி, அலன் கீ, அலுமினியத் தாளின் மிச்சம் ஆகியவற்றோடு சேர்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். வெறுமையான மேசையின் நடுவில் பரங்கிக்காயை வைத்தாள்.

“மேசை இனிமே எனக்கு வேணும்,” என்றாள். “கை வலி கொறஞ்சதும் வந்து இதை ரெண்டா வெட்டிக் குடுங்க. அவசரமில்ல.”